தொற்றுநோய் உள்ளவரை ஏர் ஆம்புலன்ஸில் கொண்டுவரலாமா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு நாட்டில் மருத்துவமனையில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கு நுரையீரல் காசநோய். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகையோ என்று அங்குள்ள மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டது, இன்னொன்று ஐசொலேஷன் பாடில், அதாவது நோயாளியைத் தனியாக மூடிவைக்கும் கூடாரத்தில், வைத்துக் கொண்டுவந்துவிடலாம், ஒரு பிரச்சினையும் இல்லை என்கிறது. அவ்வளவு சின்ன விமானத்தில் எல்லோரும் ஒரே காற்றைத்தானே சுவாசிப்பார்கள், கூட வருபவர்களுக்கு ஒட்டாதா, யார் சொல்வதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாதுகாப்பாகக் கொண்டுவர முடியுமா என்பது ஒன்று, இப்போதே கொண்டுவரத்தான் வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் எளிது: முடியும், செய்துகொண்டும் இருக்கிறார்கள். இரண்டாவதில்தான் உங்கள் அண்ணனின் நலன் இருக்கிறது, அதை இரண்டு நிறுவனங்களுமே உங்களிடம் பேசவில்லை.

நான் தீவிர சிகிச்சை மருத்துவர், நோயாளிகளை விமானத்தில் இடம் மாற்றும் குழுக்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். அவருடைய ரிப்போர்ட்டுகளைப் பார்க்காமல் அவர் பறக்கலாம், பறக்கக் கூடாது என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். எதைப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தொற்றுநோய் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது. டெங்கு, மலேரியா உள்ளவர் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் காற்று வழியாக உங்களுக்கு வராது, அவருக்குப் பாட் எதுவும் தேவையில்லை. மூளைக்காய்ச்சலில் மெனிங்கோகாக்கஸ் வகை பயமுறுத்தும் நோய்தான், ஆனால் சரியான ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் கடந்துவிட்டால் அதற்கான தனிமைப்படுத்தலை எடுத்துவிடலாம். அதாவது ஒரு நாள் பொறுத்தால் அந்தச் சிக்கலே கரைந்துபோகும். எபோலா ரத்தத்தாலும் உடல் திரவங்களாலும் பரவுவது, அங்கே உடலை முழுக்க மூடும் உடையும் அதைக் கழற்றும் முறையும்தான் உயிர்நாடி. தட்டம்மை, சின்னம்மை, நுரையீரல் காசநோய் இந்த மூன்றும் காற்றில் மிதந்து பரவுபவை, விமானத்துக்குள் நம்மை அதிகம் யோசிக்க வைப்பவை. இதிலும் தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் நல்ல வழி இருக்கிறது: ஏற்கெனவே நோய் எதிர்ப்பு உள்ளவர்களை மட்டும் அந்தப் பயணத்துக்கு அனுப்பினால் போதும். வயது வந்தவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராமல் காக்க நம்பகமான தடுப்பூசி இல்லை, அதனால் காற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

சரி, காற்றுக்கு வருவோம். பெரிய பயணிகள் விமானங்களில் கேபின் காற்று மணிக்கு ஏறத்தாழ 20 முதல் 30 முறை மாறுகிறது, அதில் பாதியளவு வெளிக்காற்று, மீதி ஹெபா ஃபில்டர் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வருவது. ஹெபா என்றால் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும், அதுதான் அதன் தரம். ஆனால் ஏர் ஆம்புலன்ஸாக ஓடுபவை பெரும்பாலும் சின்ன ஜெட்டுகளும், டர்போபிராப் எனப்படும் விசிறி வைத்த விமானங்களும். பெரிய விமானத்தில் இருப்பது இதிலும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பலவற்றில் ஹெபா கிடையாது, எஞ்சினிலிருந்து வரும் புதிய காற்றுதான் அங்கே பாதுகாப்பு. அந்தக் காற்று முன்னிருந்து பின்னா, பின்னிருந்து முன்னா என்பதும் விமான ரகத்துக்கு ரகம் மாறும். பின்னிருந்து முன் வந்தால் நோயாளி இருமும் காற்று பைலட்டுகளைக் கடந்துதான் போகும். அனுபவமுள்ள நிறுவனத்திடம் "உங்கள் விமானத்தில் காற்று எந்தப் பக்கம் ஓடும்" என்று கேட்டால் உடனே பதில் வரும். நோயாளியை எந்த இடத்தில் படுக்க வைப்பது, மருத்துவக் குழு எந்தப் பக்கம் உட்காருவது என்பதே அதைப் பொறுத்து முடிவாவதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: விமானம் பறக்கும்போது இருக்கும் காற்றோட்டம் அது தரையில் நிற்கும்போது இருக்காது. 1977-ல் அலாஸ்காவில் 54 பேரோடு ஒரு பயணிகள் விமானம் எஞ்சின் கோளாறால் தரையில் நின்றது. காற்றோட்டம் வேலை செய்யாமல் ஏறத்தாழ மூன்று மணி நேரம். உள்ளே ஒருவருக்கு ஃப்ளூ. மூன்று நாட்களுக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. எங்கள் துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படும் சம்பவம் இது, அதன் பாடம் ஏர் ஆம்புலன்ஸுக்கு அப்படியே பொருந்தும். நோயாளியை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, எஞ்சின் போடாமல், புறப்பட அனுமதி வருவதற்காகக் காத்திருக்கும் அந்த நேரம்தான் காற்றுவழி நோய்க்கு மிக மோசமான நேரம். பேப்பர் வேலை எல்லாம் முடிந்து பைலட் தயார் என்று சொன்ன பிறகே நோயாளியை ஆம்புலன்ஸிலிருந்து இறக்க வேண்டும், அதுவரை விமானக் கதவு திறந்தே இருக்கட்டும். இதற்குப் பைசா செலவில்லை, ஆனாலும் அவசரத்தில் இதைத்தான் முதலில் கோட்டை விடுகிறார்கள்.

ஐசொலேஷன் பாட் பற்றி. நோயாளியைச் சுற்றி ஒளி ஊடுருவும் கூடாரம் அல்லது கெட்டியான பெட்டி, ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை ஹெபா வழியாக வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவு, எங்காவது சின்ன ஓட்டை விழுந்தாலும் காற்று உள்ளேதான் போகும், வெளியே வராது. பக்கவாட்டில் கையுறை பொருத்திய துளைகள் வழியாகக் கை நுழைத்துத்தான் மருந்து கொடுப்பது, டியூப் சரிசெய்வது எல்லாம். நல்ல கருவிதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் "பாட் இருக்கிறது, பிரச்சினையே இல்லை" என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம் வருகிறது, ஏனென்றால் பாட் ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டு வேறு சிலவற்றைக் கொண்டுவருகிறது. பாடுக்குள் இருக்கும் நோயாளிக்கு மூச்சு திடீரென்று மோசமானால் அந்தக் கையுறைத் துளைகள் வழியாகத் தொண்டைக்குள் குழாய் போடுவது மிகவும் கஷ்டம். நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுப்பது அதைவிடக் கஷ்டம். விமானச் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப் எப்படியும் பயன்படாது, பாடுக்குள் நோயாளி பேசுவதும் சரியாகக் கேட்காது. மூடிய இடம் என்றாலே பதறுகிறவர்களுக்கு அது நரகம், மயக்க மருந்து கொடுத்தால் சுயமாக மூச்சு விடுபவரின் மூச்சு மந்தமாகும். பருமனான உடல் பல பாடுகளில் அடங்காது. மருத்துவமனை வராந்தாவில் தள்ளிக்கொண்டு போவதற்காகச் செய்த பாடும் விமானத்துக்கென்றே சோதித்து அனுமதி வாங்கிய பாடும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மேலே ஏறும்போது கேபின் அழுத்தம் குறையும், அவசரத்தில் ஒரே நொடியில் குறையலாம், அப்போது பாட் கிழியாமல் தாங்குமா, ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து விமானத் தரையில் உறுதியாகப் பூட்ட முடியுமா, பேட்டரி எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் விமானத்துக்கென்று செய்யாத பாடில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாடைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. 2014-ல் லைபீரியாவில் எபோலா பிடித்த அமெரிக்க மருத்துவர் கென்ட் பிரான்ட்லியை ஆகஸ்ட் மாதம் அட்லான்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுபோனது நினைவிருக்கலாம். பீனிக்ஸ் ஏர் என்ற நிறுவனத்தின் கல்ஃப்ஸ்ட்ரீம் 3 விமானம் அது. அதன் கேபினுக்குள் மருத்துவர், செவிலியர் உள்ளே நுழைந்து நின்று வேலை செய்யக்கூடிய பெரிய கூடாரம் பொருத்தியிருந்தார்கள். பயணம் முடிந்ததும் கூடாரத்தின் உட்சுவர் உறையைக் கழற்றி அழித்துவிடுவார்கள். அமெரிக்க விமானப்படை அதே ஆண்டில் இன்னும் பெரிதாக, சி-17 போன்ற சரக்கு விமானங்களில் ஏற்றக்கூடிய ஒரு தனிமை அறையைச் செய்ய ஆரம்பித்தது, ஆனால் அதில் உண்மையான நோயாளிகள் முதல்முறை பறந்தது 2020 ஏப்ரலில், கோவிட் நேரத்தில். இதையெல்லாம் சொல்வது, இத்தகைய ஏற்பாடு உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது, நீங்கள் போன் போட்ட இரண்டு நிறுவனங்களிடமும் அநேகமாக இருக்காது என்பதற்காக. காசநோய்க்கு அந்த அளவு தேவையும் இல்லை.

தொற்று பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நோயாளியை மறந்துவிடுவோம், அதுதான் எனக்குள்ள பெரிய கவலை. கேபினுக்குள் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக இறங்கலாம், அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் தரைமட்டத்தில் 15 சதவீத ஆக்ஸிஜனைச் சுவாசிப்பதுபோல. தரையிலேயே ஆக்ஸிஜன் ஓடுபவருக்கு மேலே இன்னும் அதிகம் தேவைப்படும். மலையேறும்போது மூடிய பிளாஸ்டிக் பாட்டில் புடைப்பதுபோல உடலுக்குள் அடைபட்ட காற்றும் மூன்றில் ஒரு பங்கு விரியும். காசநோயில் நுரையீரலில் குழிகள் விழுவதும், நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுக்குள் காற்று சேர்வதும் உண்டு. அந்தக் காற்று வடிகுழாய் போடப்படாமல் மேலே போய் விரிந்தால், பாடுக்குள் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால் புறப்படும் நாளுக்கு மிக அருகில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே இல்லாமல், முடிந்தால் ஸ்கேன் இல்லாமல் நான் ஒருவரை ஏற்ற மாட்டேன். குறைந்த உயரத்தில் பறந்து கேபின் அழுத்தத்தைத் தரைமட்டத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எரிபொருள் அதிகம் எரியும், நடுவில் இறங்க வேண்டி வரலாம், தொற்றுநோயாளியோடு நடுவில் இறங்குவது தனித் தலைவலி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக்ஸிஜன் கொடுக்கும் விதத்திலும் இழுபறி உண்டு. மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தள்ளும் ஹை ஃப்ளோ கருவி வார்டில் பலரைக் காப்பாற்றுகிறது, ஆனால் அதற்கு மணிக்கு 3,600 லிட்டர் வாயு வேண்டும், அதில் பெரும்பங்கு ஆக்ஸிஜனாக இருந்தால் சின்ன விமானம் அத்தனை மணி நேரத்துக்கு அதைச் சுமக்க முடியாது. மூக்குக் குழாயும் அதன் மேல் சர்ஜிக்கல் மாஸ்க்கும் போதுமானவராக இருந்தால் நல்லது. போதாது, வழியில் மோசமாவார் என்று தோன்றினால் தரையிலேயே, வெளிச்சத்தில், நிதானமாகக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்துக்கொண்டு புறப்படுவதுதான் எங்கள் வழக்கம். கேட்க பயமாக இருந்தாலும் தொற்றுப் பரவலைப் பொறுத்தவரை அது நல்லது, மூச்சு வெளியே வரும் பாதையில் ஃபில்டர் வைத்து, சளி உறிஞ்சவும் சர்க்யூட்டை (வென்டிலேட்டரையும் நோயாளியையும் இணைக்கும் குழாய்களை) கழற்றத் தேவையில்லாத மூடிய குழாய் வைத்துவிட்டால் அறைக்குள் எதுவும் சிதறாது. குழாயைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் கிளாம்ப் போட்டுவிட்டுக் கழற்ற வேண்டும். மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் வேண்டாம், ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையோடு இன்ஹேலர் போதும்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். குழாய் போடுவதும் ஹை ஃப்ளோவும்தான் கிருமியைக் காற்றில் அதிகம் கிளப்பும் என்று பல வருடம் நம்பினோம், கோவிட் காலத்தில் அளந்து பார்த்தவர்கள் சாதாரண இருமலே அதைவிட அதிகம் கிளப்புகிறது என்று கண்டார்கள், விவாதம் இன்னும் முடியவில்லை. விமானத்தில் காசநோயாளியோடு எட்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் பயணித்தால், அவருக்கு முன்னும் பின்னும் இரண்டு வரிசையில் இருந்தவர்களுக்குத் தொற்றியிருக்கலாம் என்ற கணக்கு உலக சுகாதார நிறுவனம் பயணிகள் விமானத்துக்குச் சொல்வது, தேடிப்பிடித்துப் பரிசோதிக்க ஓர் எல்லை வேண்டுமே என்று வைத்தது. கிருமி அந்தக் கோட்டை மதிக்கும் என்று அர்த்தமில்லை. 2003-ல் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன மூன்று மணி நேர விமானத்தில் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று உள்ள ஒரு நோயாளியிடமிருந்து 22 பேர் வரை தொற்றியதாகக் கணக்கிட்டார்கள், ஏழு வரிசை முன்னால் உட்கார்ந்தவர்களும் அதில் உண்டு. மறுபக்கம், 2020-க்குப் பிறகு ஏர் ஆம்புலன்ஸ் குழுக்கள் வெளியிட்ட அனுபவ அறிக்கைகளில், ஒழுங்காக என்95-ம் பாதுகாப்பு உடையும் போட்டவர்களுக்குப் பயணத்தில் தொற்றியது அரிதாகவே இருக்கிறது, அவர்களில் பலர் பாட் இல்லாமலேயே ஏற்றியவர்கள். ஆனால் அவை சின்னச் சின்னக் குழுக்களின் கணக்குகள், அதை வைத்து ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பு உடை என்றால் போடுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆட்கள் மாட்டிக்கொள்வது கழற்றும்போது. பல மணி நேரம் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், தூக்கம் கெட்டு, இறங்கியதும் அப்பாடா என்று முகத்தைத் தொடும் அந்த நிமிடம்தான் ஆபத்து. எபோலா போன்ற நோய்களுக்கு ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியாக வாசித்துச் சொல்லச் சொல்லத்தான் கழற்ற வேண்டும். காசநோய்க்கு அவ்வளவு தேவையில்லை, முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 முக்கியம், தாடி வைத்திருந்தால் அது பொருந்தாது. நோயாளிக்கு வால்வு வைத்த மாஸ்க் போடவே கூடாது, அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே வந்துவிடும். பைலட்டுகளுக்கு முழு உடை போட முடியாது, கண்ணாடி மூடுபனி பிடித்தால் விமானமே ஆபத்தில். தவிர, புகையோ அழுத்தக் குறைவோ வந்தால் என்95-ஐப் பிய்த்து எறிந்துவிட்டு ஆக்ஸிஜன் மாஸ்க்கை நொடிகளில் போட வேண்டும், அதைப் பயிற்சி செய்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர்களில் பைலட்டும் நோயாளியும் பெரும்பாலும் ஒரே அறை, காற்று எப்படிச் சுழலும் என்பதும் ரகத்துக்கு ரகம் வேறு, அதனால் காற்றுவழி நோய்க்கு நான் அதைக் கடைசியாகத்தான் நினைப்பேன்.

அப்புறம் அனுமதிகள். விமானத்தில் தொற்றுநோய் இருப்பது தெரிந்தால் பைலட் இறங்கும் முன்பே தரைக்குச் சொல்லியாக வேண்டும், சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகள் 2005 அப்படித்தான் சொல்கிறது. யாராவது மறைத்துக் கொண்டுவரலாம் என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். புறப்படும் நாடு, இறங்கும் நாடு, எரிபொருளுக்கு நிற்கும் நாடு, கோளாறு வந்தால் இறங்கத் தேர்ந்தெடுத்த மாற்று விமான நிலையம் எல்லாவற்றிலும் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவழியில் கதவு திறக்க விடாமல் நிறுத்திவைப்பார்கள். சேரும் மருத்துவமனையில் காற்றை வெளியே இழுக்கும் தனிமை அறை காலியாக இருக்கிறது என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். இறங்கிய பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு மாஸ்க் போடச் சொல்ல மறந்து, லிஃப்டில் வேறு ஆட்களோடு ஏற்றி, கைமாற்றும் இடத்தில் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன், விமானத்துக்குள் காட்டிய கவனம் அங்கே இருப்பதில்லை. விமானத்தைச் சுத்தம் செய்வது உங்கள் கவலை இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை: பிளீச்சிங் திரவம் அலுமினியத்தை அரிக்கும், அதனால் விமானம் செய்தவர்கள் அனுமதித்த மருந்தைத்தான் பயன்படுத்த வேண்டும். காசநோய்க்கு முதலில் கதவைத் திறந்து காற்றோட விடுவதுதான் முக்கியம், மணிக்கு 12 முறை காற்று மாறும் இடத்திலேயே மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்பது சந்தேகம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற சோதனை, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்று சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும், அது செய்தாகிவிட்டதா என்று இன்றே கேளுங்கள். பயணத் திட்டம் முழுவதும் அந்த ஒரு தாளைப் பொறுத்தது. சாதாரண வகை என்றால், சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரம் என்பது பழைய கணக்கு, தொற்றும் தன்மை அதைவிட வேகமாகவே குறைகிறது என்பது இப்போது பலரின் கருத்து. கட்டுப்படாத வகை என்றால் அதற்கேற்ற மருந்து தொடங்கிய பிறகுதான் அந்தக் குறைவே ஆரம்பிக்கும், சளி கல்ச்சர் (ஆய்வகத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) நெகட்டிவ் என்று உறுதியாகும்வரை பயணிகள் விமானம் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஏர் ஆம்புலன்ஸ் அந்த விதிக்குள் வராது, அதனால் முடியவே முடியாது என்ற நிறுவனம் தன் வசதியைச் சொல்கிறது, சட்டத்தை அல்ல. ஆனால் அங்கே அவருக்குச் சரியான மருந்து கிடைக்கிறது, ஐசியு இருக்கிறது, நிலைமை மோசமாகவில்லை என்றால் சில வாரங்கள் அங்கேயே மருந்து கொடுத்துவிட்டு ஆக்ஸிஜன் தேவை குறைந்த பிறகு கொண்டுவருவதே நல்லது என்பேன், ஒட்டுவதும் குறையும், அவர் தாங்குவதும் கூடும். மருந்தோ வசதியோ அங்கே இல்லை என்றால் காத்திருக்காதீர்கள், அப்போது தொற்று என்பது சமாளிக்கக்கூடிய இடைஞ்சல் மட்டும்தான்.

பிரச்சினையே இல்லை என்ற நிறுவனத்திடம் இவற்றைக் கேளுங்கள்: எந்த விமானம், காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது, பாட் விமானத்துக்கென அனுமதி பெற்றதா, கடைசியாகப் பாடில் ஒரு நோயாளியை எப்போது ஏற்றினீர்கள், பாடுக்குள் மூச்சு நின்றால் முதல் இரண்டு நிமிடம் என்ன செய்வீர்கள், ஆக்ஸிஜன் கணக்கில் இரட்டிப்பு கையிருப்பு இருக்கிறதா, மாற்று விமான நிலையம் எழுத்தில் சம்மதித்திருக்கிறதா. நீங்களும் கூட வரலாம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள், காற்றுவழி நோய்க்கு உறவினரை ஏற்றாமல் இருப்பதுதான் பொதுவான நடைமுறை. முன்பணம் கட்டும் முன் அவர்களுடைய விமான மருத்துவரும் அங்குள்ள ஐசியு மருத்துவரும் நேரடியாகப் போனில் பேச வேண்டும், ஏஜென்ட் நடுவில் இல்லாமல். ஜீன்எக்ஸ்பர்ட் முடிவும் எக்ஸ்ரேயும் கையில் வந்ததும் பெயரையும் மருத்துவமனை விவரத்தையும் மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.